240 வோல்ட் ஹீட்டரை 400-இல் மாட்டலாமா?

14 ஜூன் 2025, காலை. வந்த கேள்வி

அண்ணே, சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் சின்னதாக ஒரு கேட்டரிங் கிச்சன் நடத்துகிறேன். மூடிப்போன ஒரு கடையிலிருந்து அமெரிக்க வாட்டர் ஹீட்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள், ஆனால் உள்ளே தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை. பிளேட்டில் 240 வோல்ட், த்ரீ பேஸ், 12 கிலோவாட், 80 கேலன், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. என் இடத்தில் 400 வோல்ட் த்ரீ பேஸ், 63 ஆம்ப்ஸ். மாட்ட வந்தவர், "வோல்ட்டேஜ் கூடினால் ஆம்ப்ஸ் குறையும், வாட்ஸ் அப்படியே இருக்கும், தைரியமாகக் கொடுக்கலாம்" என்கிறார். ஆனி பிறக்கப்போகிறது, கல்யாண ஆர்டர் வரிசையாக இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

14 ஜூன், மதியம்

கொடுக்காதீர்கள் தம்பி. பிரேக்கர் ஆஃபிலேயே இருக்கட்டும்.

அவர் சொல்லும் கணக்கு மோட்டாருக்கு ஓரளவு பொருந்தும். லேப்டாப் சார்ஜருக்கும் பொருந்தும். ஹீட்டருக்குள் இருப்பது வெறும் கம்பி. அதற்கு 12 கிலோவாட் என்று ஒரு கட்டுப்பாடும் கிடையாது. அதன் ஓம், அதாவது கரண்ட்டைத் தடுக்கும் அளவு, அது மட்டும்தான் மாறாமல் இருக்கும். எவ்வளவு வோல்ட் கொடுக்கிறீர்களோ அதற்குத் தக்கபடி கரண்ட்டை இழுக்கும்.

உங்கள் ஹீட்டரில் மூன்று எலிமென்ட் (சூடேறும் கம்பி) இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 4 கிலோவாட். 240-ஐ 240-ஆல் பெருக்கி 4000-ஆல் வகுத்தால் 14.4 ஓம். அமெரிக்காவில் இவற்றை டெல்டாவில், அதாவது பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் கட்டுவார்கள். அங்கே அது 240 வோல்ட். இங்கே பேஸுக்கும் பேஸுக்கும் 400. அதே 14.4 ஓமில் 400 வோல்ட் விழுந்தால் ஒரு எலிமென்ட்டே 11 கிலோவாட் எரியும், மூன்றும் சேர்ந்து 33. லைனுக்கு 48 ஆம்ப்ஸ்.

எனக்குப் பயம் தருவது இந்த 48தான். உங்கள் மெயின் 63. ஹீட்டருக்குத் தனி பிரேக்கர் போடாமல் அவசரத்துக்கு எங்காவது பெரிய பிரேக்கரில் சேர்த்துவிட்டால் எதுவும் டிரிப் ஆகாது. எலிமென்ட் வெடிக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

14 ஜூன், இரவு

மதியம் வேலை நடுவில் எழுதியது, பாதிதான் சொன்னேன். மாட்டவே முடியாது என்று அர்த்தமில்லை.

அதே மூன்று எலிமென்ட்டை ஸ்டாரில் கட்டினால், அதாவது மூன்றின் ஒரு முனையையும் சேர்த்து நியூட்ரலில் போட்டால், ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட்தான் கிடைக்கும். 240 எலிமென்ட்டுக்கு 230 கொடுத்தால் 92 சதவீதம் வேலை செய்யும். 12 கிலோவாட் 11 ஆகும். லைனுக்கு 16 ஆம்ப்ஸ். டெர்மினலில் லிங்க் (இணைப்புத் தகடு) மாற்றும் வேலைதான், எலிமென்ட் வாங்க வேண்டாம்.

வோல்ட்டேஜ் விகிதத்தை அதே எண்ணால் ஒரு தடவை பெருக்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ் எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். 208 போட்ட எலிமென்ட்டுக்கு 230 கொடுத்தால் வோல்ட் 10.6 சதவீதம்தான் கூடுகிறது, வாட்ஸ் 22 சதவீதம் கூடிவிடும். "208-க்கும் 230-க்கும் பெரிய வித்தியாசமா?" என்று கேட்கிறவர்கள் இந்த 22-ஐத்தான் மறக்கிறார்கள்.

80 கேலன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்க கேலன். நம்ம பெரியவர்கள் கேலனுக்கு நாலரை லிட்டர் என்று பழகியவர்கள், அப்படிப் போட்டால் 360 வரும். உண்மையில் 303 லிட்டர். இங்கே குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரியில் வருகிறது. 60 டிகிரிக்குச் சுட வைக்க 11 கிலோவாட்டில் ஒரு மணி நேரம். அண்டா, தேக்சா கழுவத் தாராளம்.

15 ஜூன், ஞாயிறு

ஒரு திருத்தம். நேற்றிரவு இன்னொருவர், 60 ஹெர்ட்ஸ் இங்கே 50-இல் ஓடுமா என்று கேட்டதற்குக் கவலை வேண்டாம் என்று பதில் போட்டேன். எலிமென்ட்டுக்கு அது சரி. கம்பிக்கு 50 என்ன, 60 என்ன.

படுத்த பிறகுதான் கான்டாக்டர் (பெரிய கரண்ட்டை ஆன் ஆஃப் செய்யும் காந்த ஸ்விட்ச்) ஞாபகம் வந்தது. இந்த சைஸ் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் நேரடியாக எலிமென்ட்டை ஆன் செய்யாது, கான்டாக்டரின் காயிலுக்குத்தான், அதாவது காந்தச் சுருளுக்குத்தான், கரண்ட் கொடுக்கும். அந்தக் காயிலுக்கான கரண்ட்டைப் பெரும்பாலும் இரண்டு லைனுக்கு நடுவில் எடுத்திருப்பார்கள். அங்கே அது 240. இங்கே அதே இரண்டு லைனுக்கு நடுவில் 400! நான் சொன்னபடி எலிமென்ட்டை மட்டும் ஸ்டாருக்கு மாற்றியிருந்தால் ஸ்விட்ச் போட்டதும் காயில் போயிருக்கும். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் பிரைமரிக்கும் இதே கதி. கன்ட்ரோல் கரண்ட்டை ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எடுக்க வேண்டும், அப்போது 230.

காயிலுக்கு ஹெர்ட்ஸும் முக்கியம். 60-க்கு மட்டும் செய்த காயில் 50-இல் கூடுதல் கரண்ட் எடுக்கும், சூடாகும், உறுமும். மேலே 50/60 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் காயில் ஒன்று வாங்கிவிடுங்கள், பெரிய காசில்லை. நேற்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

15 ஜூன், மாலை

சென்னையிலிருந்து ஒருவர்: வீட்டு கீசர் 2 கிலோவாட், மாலையில் மட்டும் சுடுவதில்லை, எலிமென்ட் மாற்ற வேண்டுமா?

முதலில் மாலையில் வோல்ட்டேஜ் பாருங்கள். 180-க்கு இறங்கியிருந்தால் உங்கள் 2 கிலோவாட் 1.2 ஆகிவிட்டது. மன்னார்குடியில் என் அம்மாவுக்கு இதே குறை. இரண்டு தடவை எலிமென்ட் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை ஆளைக் கூப்பிடுவதற்கு முன் போனில் என்னைக் கூப்பிட்டார், மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன், 176. கீசரில் ஒரு கோளாறும் இல்லை.

18 ஜூன், புதன்

தம்பியின் இடத்துக்கு எல்.ஈ.டபிள்யூ (லைசென்ஸ் பெற்ற மின் பணியாளர்) ஒருவர் போய் ஓம் அளந்து படம் அனுப்பியிருக்கிறார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

14.4 வரவில்லை. மூன்றிலும் 57 சொச்சம்.

லிங்க் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு எலிமென்ட்டையும் தனியாகத்தான் அளந்தாரா என்று கேட்டேன், ஏனென்றால் டெல்டாவில் கட்டியபடியே அளந்தால் மற்ற இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து பொய் எண் காட்டும். தனியாகத்தான் அளந்திருக்கிறார், 57 சரிதான். 480-ஐ 480-ஆல் பெருக்கி 4000-ஆல் வகுத்தால் 57.6. உள்ளே இருப்பது 480 வோல்ட், 4 கிலோவாட் எலிமென்ட்! கவரைக் கழற்றி, தலைப்பக்கம் படிந்த தூசியைத் துணியால் துடைத்ததும் 480 என்று குத்திய எழுத்து தெரிகிறது. பிளேட்டில் மட்டும் இன்னும் 240.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 240 ஹீட்டர் இங்கே வந்துவிட்டது, 400-இல் ஓட்ட வேண்டும். யாரோ விவரம் தெரிந்தவர் 480 எலிமென்ட் வரவழைத்துப் போட்டிருக்கிறார். நல்ல வழிதான் அது. டெல்டாவை அப்படியே விட்டு 400 கொடுத்தால் 69 சதவீதம் கிடைக்கும். மூன்றும் சேர்ந்து 8.3 கிலோவாட், லைனுக்கு 12 ஆம்ப்ஸ். எலிமென்ட்டும் அடித்துப் பிடித்து ஓடாமல் நிதானமாக ஓடும். ஆனால் செய்ததைப் பிளேட்டில் எழுதவில்லை.

இப்போது என் 14-ஆம் தேதி யோசனையை இதில் செய்து பாருங்கள். ஸ்டாரில் கட்டி 230 கொடுத்தால் ஒரு எலிமென்ட்டுக்கு 900 வாட் சொச்சம், மொத்தம் 2.8 கிலோவாட். 303 லிட்டர் சுட நான்கு மணி நேரம். "அண்ணன் பேச்சைக் கேட்டேன், தண்ணீர் சுடவில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

மாட்ட வந்தவர் சொன்னபடி அப்படியே 400 கொடுத்திருந்தால்? எலிமென்ட் தப்பித்திருக்கும். காயில் போயிருக்கும், அதில் 240தான் போட்டிருக்கிறது. அவர் சொன்ன காரணம் அப்போதும் தப்பு, இப்போதும் தப்பு. நான் பிளேட்டை நம்பிக் கணக்குப் போட்டதும் தப்பு. அளக்கச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் முதல் வரியிலேயே.

18 ஜூன், இரவு

பிளேட்டை நம்பாதே என்று எனக்கு 2011-லேயே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

துவாஸில் ஒரு தொழிற்சாலை கேன்டீன். ஹீட்டர் பிளேட்டில் 230 வோல்ட் எலிமென்ட் மூன்று, ஸ்டார், 9 கிலோவாட். ஒரு எலிமென்ட் போய்விட்டது, மூன்றையும் மாற்றச் சொன்னார்கள். ஸ்டோரில் பிளேட்டைப் பார்த்து 230 வோல்ட் 3 கிலோவாட் மூன்று வாங்கிக் கொடுத்தார்கள். மாட்டியது நான்தான். பழைய வயர் எங்கே இருந்ததோ அங்கேயே போட்டேன். டேங்க்கை நிரப்பி, மேலே உள்ள குழாயில் காற்று எல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும்வரை பார்த்து, அப்புறம்தான் ஆன் செய்தேன். காலி டேங்க்கில் ஆன் செய்தால் எலிமென்ட் ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்று தெரியும், அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தேன்.

20 ஆம்ப்ஸ் பிரேக்கர் சிறிது நேரத்தில் விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை கையை வைக்கப் போனபோது வாசனை வந்தது, கருகிய பிளாஸ்டிக் வாசனை. கவரைத் திறந்தால் பித்தளை லிங்க் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வயரின் உறை என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பத்தடி தள்ளி ஈரத் தரையில் சமையல்கார அம்மா ஒருவர் வெறுங்காலுடன் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது.

எனக்கு முன்னால் யாரோ அந்த ஹீட்டரை 400 வோல்ட் எலிமென்ட்டுக்கு மாற்றி, லிங்க்கை டெல்டாவில் போட்டிருக்கிறார்கள். பிளேட்டில் எழுதவில்லை. நான் அந்த டெல்டாவில் 230 எலிமென்ட்டைப் போட்டுவிட்டேன். 9 கிலோவாட் 27 ஆகிவிட்டது. லைனுக்கு 39 ஆம்ப்ஸ். அந்த பிரேக்கர் இருந்ததால் நாங்கள் பிழைத்தோம்.

மாற்றியவர் திறமைசாலிதான். அவர் ஒரு மார்க்கர் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

20 ஜூன்

கலர் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி, விரிவாகச் சொல்ல வேண்டியது.

சிங்கப்பூரில் 2009-ல் கலர் மாறியது. அதற்கு முன் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல். இப்போது பழுப்பு, கறுப்பு, சாம்பல் பேஸ், நீலம் நியூட்ரல். கவனித்தீர்களா? கறுப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன. பழைய கட்டடத்தில் புது வயர் இழுத்த இடத்தில் ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருக்கும். கறுப்பையும் கறுப்பையும் சேர்த்தால் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துவிட்டீர்கள்.

இதில் அமெரிக்க ஹீட்டரும் சேர்ந்தால் மூன்றாவது பழக்கம். அங்கே 240 பக்கத்தில் பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு, நீலம் மூன்றும் பேஸ், வெள்ளை நியூட்ரல். ஆக ஹீட்டருக்குள் நீலம் பேஸ், வெளியே சுவரில் நீலம் நியூட்ரல். கலரைப் பார்த்து வேலை செய்யாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். அளந்தபின் ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றி எழுதிவிடுங்கள். எர்த் மட்டும் குழப்பமில்லை: இங்கே பச்சை மஞ்சள், அங்கே பச்சை அல்லது உறையில்லாத செம்புக் கம்பி.

22 ஜூன், ஞாயிறு

மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) ரீடிங் வந்தது. இரண்டு எலிமென்ட் நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் 0.3 மெகா ஓம். தம்பி பயந்துபோய், "புதுசு வாங்கட்டுமா அண்ணே?" என்று கேட்கிறார்.

பொறுங்கள். எலிமென்ட் கம்பியைச் சுற்றி உள்ளே அடைத்திருப்பது மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அது ஈரத்தை இழுக்கும். சும்மா கிடந்த ஹீட்டர், நம்ம ஊர்க் காற்றின் ஈரம், வேறென்ன நடக்கும்? இப்படியே கரண்ட் கொடுத்தால் எர்த்துக்கு லீக் ஆகி ஆர்.சி.சி.பி (லீக் ஆனால் கரண்ட்டை வெட்டும் ஸ்விட்ச்) விழலாம். கழற்றி, ரப்பர் கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, உங்கள் பேக்கரி அவனில் 110 டிகிரியில் ஒரு மூன்று மணி நேரம் வையுங்கள். ஆறிய பிறகு மறுபடி மெகர் போடுங்கள். ஏறினால் அது ஈரம்தான். ஏறாவிட்டால் உள்ளே விரிசல், தூக்கிப் போட வேண்டியதுதான்.

22 ஜூன், இரவு

62 மெகா ஓம். பிழைத்துக்கொண்டது. அவனில் பன் வைக்கும் தட்டில் எலிமென்ட் படுத்திருக்கும் படம் அனுப்பியிருக்கிறார், மாஸ்டர் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

29 ஜூன்

ஒரு வாரமாகப் பதில் போடவில்லை. ஜூலை 1-க்குள் எல்லா வீட்டிலும் ஆர்.சி.சி.பி இருக்க வேண்டும் என்ற விதி, 1985-க்கு முந்தைய பழைய வீடுகளுக்கு அதுதான் கடைசி நாள். வீடு வீடாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

"யார் மாட்டலாம்?" என்று கேட்டவருக்கு: இங்கே எல்.ஈ.டபிள்யூ இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. என்னுடையது எலக்ட்ரீஷியன் கிரேடு, 45 கே.வி.ஏ லோடு வரைதான். தம்பியின் 63 ஆம்ப்ஸ் கிட்டத்தட்ட 44 கே.வி.ஏ, வரம்புக்கு உள்ளேதான், ஆனால் விளிம்பில். நாளைக்கு இன்னொரு பேக்கரி அவன் வாங்கி லோடு ஏற்றினால் 45-ஐத் தாண்டும். அப்போது எரிசக்திச் சந்தை ஆணையத்தில் அந்த இடத்துக்கே லைசென்ஸ் எடுக்க வேண்டும், கையெழுத்துப் போட மேல் கிரேடு ஆள் வேண்டும். அதனால்தான் 12 கிலோவாட்டுக்குப் பதில் 8.3-இல் ஓடுவது அவருக்கு நல்லது என்கிறேன். 303 லிட்டர் சுட ஒன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். காலை ஐந்துக்கு டைமர் வைத்தால் ஆறரைக்குத் தயார்.

தெர்மோஸ்டாட்டை 60-க்குக் கீழே இறக்காதீர்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று 45-இல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். அது குளிக்கிற இடமோ கழுவுகிற இடமோ, தெறிக்கும் நீர்த்திவலையை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் போகும். சேமிப்பது 60-இல், கைக்கு வரும் இடத்தில் மிக்ஸிங் வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

6 ஜூலை, ஞாயிறு

நேற்று நானே நேரில் போனேன். எல்.ஈ.டபிள்யூ மாட்ட, நான் பக்கத்தில்.

காயில் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மாற்றியாயிற்று, கன்ட்ரோல் ஒரு பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும். எலிமென்ட் டெல்டா. 20 ஆம்ப்ஸ் பிரேக்கர், ஆர்.சி.சி.பி, பக்கத்திலேயே ஐசோலேட்டர். ஹை லிமிட் (அளவுக்கு மீறிச் சூடானால் வெட்டும் பாதுகாப்பு) கட் ஆகும்போது மூன்று பேஸும் விழுகிறதா என்று தனியாகச் சோதித்தோம், விழுகிறது. பிரஷர் வால்வின் குழாயைத் தரைவரை இறக்கியிருக்கிறோம், யார் மேலும் வெந்நீர் பீச்சாது.

லைனுக்கு லைன் 403 வோல்ட். கணக்குப்படி 12.1 ஆம்ப்ஸ் வர வேண்டும். கிளாம்ப் மீட்டரில் மூன்றிலும் 11.8, 11.8, 11.9. சூடானதும் கம்பியின் ஓம் சிறிது ஏறும், அந்த வித்தியாசம்தான். தம்பிக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தேன்: பின்னால் ஒருநாள் தண்ணீர் சுடத் தாமதமானால் கிளாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 12, 7, 7 என்று காட்டினால் ஒரு எலிமென்ட் போய்விட்டது, 7 காட்டும் இரண்டு லைனுக்கும் நடுவில் இருப்பதுதான் அது.

அப்புறம் பிளேட். 240 வரியின் மேல் கோடு போட்டோம், ஆனால் அழிக்கவில்லை, பழைய எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும். பக்கத்தில் அலுமினியத் தகட்டில் எழுத்துக் குத்தி ரிவெட் அடித்தோம்: "எலிமென்ட் 480 வோல்ட் 4 கிலோவாட் மூன்று, 57.6 ஓம். டெல்டா. 400 வோல்ட்டில் 8.3 கிலோவாட், 12 ஆம்ப்ஸ். கன்ட்ரோல் 230. ஜூலை 2025." தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும். சீனத்துக்கு அடுத்த யூனிட் மீன் உருண்டை முதலாளியிடம் எழுதி வாங்கினோம். மூன்று தடவை சரிபார்த்துக் கொடுத்தார்.

இரவு எட்டுக்கு முதல் வெந்நீர் வந்தது, 61 டிகிரி. டெர்மினல் ஸ்க்ரூ சூட்டில் விரிந்து தளரும். டிசம்பரில் வந்து இறுக்கித் தருகிறேன் தம்பி, அதுவரை யாரும் கவரைத் திறக்க வேண்டாம்.